உங்கள் வைபை பெட்டியின் விலாசம் என்ன?

பழைய இலக்கம் தீர்ந்துவிட்டது! புது இலக்கம் வந்துவிட்டது! வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் வீட்டு விலாசம் என்ன?

கேட்டவுடன் சொல்லிவிடுவீர்கள். கதவு இலக்கம், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் மனப்பாடம்.

சரி, உங்கள் செல்போனின் விலாசம் என்ன?

போன் நம்பரைக் கேட்கவில்லை. விலாசத்தைக் கேட்கிறோம். திகைக்கிறீர்கள் அல்லவா?

ஆம்! உங்கள் செல்போனுக்கும் ஒரு விலாசம் உண்டு. டி.வி.க்கு ஒன்று உண்டு. வாசலில் மாட்டிய கேமராவுக்கும் ஒன்று உண்டு. இன்டர்நெட்டில் சேர்ந்த ஒவ்வொரு யந்திரத்துக்கும் உண்டு. அந்த விலாசம் இல்லாவிட்டால் ஒரு படம் வராது. ஒரு பாட்டு வராது. அக்கரையில் வேலை பார்க்கும் பிள்ளையின் முகமும் வராது.

அந்த விலாசங்கள்தான் உலகம் முழுவதும் இப்போது மாறிக்கொண்டு இருக்கின்றன. நமக்குத் தெரியாமலே மாறுகின்றன. தெரிந்துகொண்டால் நல்லது. எதற்கு என்று கேளுங்கள்.

உப்பளக் கரையில்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் தெரியும். விழுப்புரம் மாவட்டத்துக் கடலோர ஊர் அது. பின்கோடு 604303.

அங்கே பாத்தி பாத்தியாக உப்பளங்கள். உவர் நீரைப் பாத்தியில் கட்டி வைப்பார்கள். வெயிலில் நீர் வற்றும். வெள்ளை வெளேர் என்று உப்பு விளையும். பக்கத்தில் கழுவேலி என்ற பெரிய நீர்நிலை. 2021-ம் ஆண்டு அதைப் பறவைகள் சரணாலயம் என்று அரசு அறிவித்தது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் உப்புத் தொழில் நின்றுவிடும். அதுவே புயல் காலமும்கூட. 2020-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி நள்ளிரவை ஒட்டி, "நிவர்" புயல் கரை ஏறியது இந்த மரக்காணத்துக் கரையில்தான்.

முன்னெல்லாம் புயல் என்றால் ரேடியோப் பெட்டியைச் சுற்றி ஊரே உட்காரும். இப்போது செய்தி செல்போனுக்கு வருகிறது. படமாக வருகிறது. வெளியூர்ப் பிள்ளைகள், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பாடம், பணம் அனுப்புவது, வாங்குவது எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான்.

இத்தனையும் சரியான வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்குத்தான் விலாசம்.

429 கோடி போதாதா?

இன்டர்நெட்டில் ஒவ்வொரு செய்தியும் ஒரு தபால் மாதிரி. மேலே பெறுநர் விலாசமும் அனுப்புநர் விலாசமும் இருக்கும். அந்த விலாசத்துக்கு "ஐ.பி." என்று பெயர்.

இன்று வரை நம் வீடுகளில் இருந்து வரும் பழைய முறைக்கு "ஐ.பி.வி.4" என்று பெயர். அதன் விதிகள் 1981-ம் ஆண்டு எழுதப்பட்டவை. 192.168.1.1 என்பது போல, நாலு எண்கள், நடுவே புள்ளிகள். இந்த முறையில் மொத்தம் எத்தனை விலாசம் எழுதலாம்?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296!

அப்பா, எவ்வளவு பெரிய எண் என்று அன்று நினைத்தார்கள். அதில் தவறில்லை. அன்று அந்த வலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் சில நூறுதான்.

இன்று? உலக ஜனத்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. நம் நாட்டில் மட்டும் 140 கோடிக்கு மேல். ஒரு வீட்டில் மூன்று செல்போன், ஒரு டி.வி., ஒரு கேமரா. ஆளுக்கு ஒன்று என்று வைத்தாலே போதாது!

2011-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, தலைமைக் கிடங்கில் இருந்த கடைசி விலாசக் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய, பசிபிக் வட்டாரத்தின் பங்கு அதே ஏப்ரல் மாதம் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு புதிதாகக் கேட்டவர்களுக்குச் சிறு பங்குதான்.

இல்லாத பொருளுக்கு விலை ஏறும் அல்லவா? விலாசத்துக்கும் விலை வந்தது! திவாலான நார்ட்டல் கம்பெனியிடமிருந்து 2011-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 6 லட்சத்து 66 ஆயிரத்து 624 விலாசங்களை வாங்கியது. கொடுத்த பணம் 75 லட்சம் டாலர்!

இலக்கம் தீர்ந்து போவது நமக்குப் புதிதல்ல. 2021-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முதல், வீட்டு டெலிபோனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் ஒரு 0 சேர்க்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு பூஜ்யத்தால் 254 கோடி புது நம்பர்களுக்கு இடம் கிடைத்தது.

மளிகைக் கடை டெலிபோன்

விலாசம் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் இன்டர்நெட் நிற்கவில்லையே, எப்படி?

பழைய காலத்து "பி.பி. நம்பர்" உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவில் மளிகைக் கடையில் ஒரே ஒரு டெலிபோன். தெருவில் இருக்கும் இருபது வீட்டுக்காரர்களும் அந்த நம்பரையே எழுதிக் கொடுப்பார்கள். பக்கத்தில் "பி.பி." என்று போடுவார்கள். போன் வந்தால் கடைக்காரர், "மூணாவது வீட்டு அம்மா, போன்!" என்று குரல் கொடுப்பார்.

இன்டர்நெட்டிலும் இதுவேதான். உங்கள் வீட்டு வைபை பெட்டி ஒரு மளிகைக் கடை. வெளி உலகுக்கு ஒரே நம்பர். உள்ளே இருக்கும் யந்திரங்களுக்கு வீட்டுக்குள் மட்டும் செல்லும் இலக்கங்கள். எது யாருக்கு என்று பெட்டியே பிரித்துக் கொடுக்கும்.

அதுவும் போதவில்லை. இணைப்புக் கொடுக்கும் பல கம்பெனிகள் பல வீடுகளைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே வெளி விலாசம் கொடுக்கின்றன. கடைக்கு மேல் ஒரு கடை!

இதில் என்ன கஷ்டம்? மூன்று கஷ்டம்.

முதலாவது, நாம் வெளியே பேசுவது சுலபம். வெளியில் இருப்பவர் நம்மைக் கூப்பிடுவது கடினம். அக்கரையில் இருக்கும் மகன், வீட்டு வாசல் கேமராவை நேரே பார்க்க முடியாது. நடுவே ஒரு கம்பெனியின் யந்திரம் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே விலாசத்திலிருந்து பல பேர் போவதால், சில இடங்களில் சந்தேகப்படுவார்கள். "நீங்கள் மனிதர்தானா?" என்று படம் காட்டிக் கேட்பது இதனாலும் நடக்கும்.

மூன்றாவதுதான் பெரிய சங்கதி. பல வீட்டுக்கு ஒரே விலாசம் என்றால், அதிலிருந்து ஒருவன் மோசடி செய்தால், அந்த விலாசம் எந்த வீட்டைக் காட்டும்? விலாசம் மட்டும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த நேரம், எந்த உள் இலக்கம் என்று கணக்கை நோண்ட வேண்டும். கணக்கில் சிறு பிசகு இருந்தாலும் ஒன்றும் அறியாத வீட்டின் மேல் பழி விழக்கூடும்!

வந்தது புது இலக்கம்

இதற்கெல்லாம் பரிகாரமாக வந்தது "ஐ.பி.வி.6". அதன் விதிகள் 1998-ம் ஆண்டு டிசம்பரில் வெளியாயின. 2012-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, பெரிய கம்பெனிகள் பல ஒன்று சேர்ந்து அதை நிரந்தரமாகத் திறந்து வைத்தன.

நாலுக்கு அடுத்து ஆறு. ஐந்து எங்கே போனது? குரலையும் படத்தையும் அனுப்பிப் பார்க்க நடந்த வேறொரு சோதனைக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அது வீடுகளுக்கு வரவில்லை.

புது விலாசம் எப்படி இருக்கும்? நாலு நாலு எழுத்தாக எட்டுக் கட்டுகள். நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள். 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் வரும். பூஜ்யங்கள் இருந்தால் சுருக்கியும் எழுதுவார்கள்.

மொத்தம் எத்தனை விலாசம்? 34 என்று எழுதுங்கள். அதன் பின்னால் 37 பூஜ்யங்கள் போடுங்கள். ஏறத்தாழ அவ்வளவு!

இன்னும் ஒரு வியப்பைக் கேளுங்கள். பழைய முறையில் உலகத்துக்கே இருந்தது 429 கோடி அல்லவா? புது முறையில் சாதாரணமாக ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் பங்கு, அந்த 429 கோடியைப் போல் 429 கோடி மடங்கு! மரக்காணத்தில் ஒரு குடிசைக்கு இணைப்புக் கொடுத்தாலும் அதே பங்குதான்.

இனி டெலிபோனுக்கு மளிகைக் கடைக்கு ஓட வேண்டாம். ஒவ்வொரு யந்திரத்துக்கும் சொந்த விலாசம்.

அணாவும் நயா பைசாவும்

"பழையதைத் தூக்கி எறிய வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் ஆயா உட்கார்ந்து இருக்கிறார். பேத்தி வைபை பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள்.

"பழைய நம்பரும் புது நம்பரும் ஒரே பெட்டியில் எப்படி ஆயா இருக்கும்?"

"ஏன்டி கண்ணு, நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அணாவும் நயா பைசாவும் ஒரே சுருக்குப் பையில் இருக்கவில்லையா?"

ஆயா சொல்வது சரி! 1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நம் நாட்டில் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா போய், 100 நயா பைசா ஆனது. அன்றே அணாவைக் கடலில் போட்டார்களா? இல்லை. சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்து ஓடின. கடைக்காரர் இரண்டையும் வாங்கினார். மெள்ள மெள்ள அணா மறைந்தது.

இதுவும் அப்படித்தான். வைபை பெட்டியில் இரண்டு முறையும் சேர்ந்து ஓடும். புது விலாசம் உள்ள இடத்துக்குப் புது வழியில் போகும். பழைய இடத்துக்குப் பழைய வழியில் போகும். இதற்கு "டூயல் ஸ்டாக்" என்று பெயர். இரட்டை அடுக்கு என்று சொல்லலாம்.

நம் நாடு முன்னணியில்!

இந்த மாற்றத்தில் நம் நாடு பின்தங்கவில்லை. உலகத்தில் முன்னணியில் நிற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று!

2010-ம் ஆண்டு மத்திய தொலைத்தொடர்புத் துறை முதல் திட்டத்தை வெளியிட்டது. 2013-ல் இரண்டாவது திட்டம் வந்தது. 2016-ம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ செல்போன் சேவை தொடங்கியபோதே புது முறையோடு தொடங்கியது. அதனால் கோடிக்கணக்கான செல்போன்கள் ஒரே வேகத்தில் புது விலாசத்துக்கு வந்துவிட்டன.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் செல்போன், சிம் கார்டு வழியாகப் போகும்போது ஏற்கெனவே புது விலாசத்தில் இருக்கக்கூடும்!

பின்தங்கி நிற்பது பல இடங்களில் வீட்டுப் பெட்டிதான். 2022-ம் ஆண்டு டிசம்பர் 31-க்குப் பிறகு கொடுக்கும் புதிய வீட்டு இணைப்புகள் புது முறையைத் தாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கூறியது. ஆனால் அதற்கு முன்பே மாட்டிய பெட்டிகள் எத்தனையோ வீடுகளில் தூசி படிந்து இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியவை

இனி வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

1. முதலில் சோதனை. செல்போனில் சிம் கார்டு இன்டர்நெட்டை அணைத்துவிடுங்கள். வீட்டு வைபையில் சேருங்கள். பிறகு செட்டிங்ஸில் வைபை என்ற இடத்துக்குப் போய், உங்கள் வைபையின் பெயரைத் தொட்டு விவரத்தைப் பாருங்கள். அங்கே ஐ.பி. விலாசம் இருக்கும்.

புள்ளி வைத்த சிறிய எண் மட்டும் இருந்தால் பழைய முறை மட்டுமே இருக்கிறது. அதோடு நீண்ட விலாசம் ஒன்று 2 என்று தொடங்கி இருந்தால், புது விலாசம் வந்துவிட்டது! எஃப் என்ற எழுத்தில் தொடங்கினால் ஏமாந்துவிடாதீர்கள். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் இலக்கம்.

2. பெட்டியைப் பாருங்கள். வைபை பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். பெயர், மாடல் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் புகும் விலாசமும் அங்கேயே இருக்கும். பல பெட்டிகளில் அது 192.168.1.1.

3. இணைப்புக் கொடுத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "எங்கள் இணைப்பில் ஐ.பி.வி.6 தருகிறீர்களா?" "இந்த மாடல் பெட்டி அதைத் தாங்குமா?" "தாங்காது என்றால் மாற்றித் தருவீர்களா?" பெட்டி அவர்கள் கொடுத்ததானால் அவர்களையே சரி செய்யச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு "இல்லை" என்று சொன்னால் காசு கொடுத்துப் புதுப் பெட்டி வாங்காதீர்கள். தண்ணீர் வராத தெருவில் குழாயை மாற்றி என்ன பயன்?

4. பெட்டி உங்கள் சொந்தமானால், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். பெட்டிக்குள் போய், ஐ.பி.வி.6 என்ற இடத்தைத் திறந்து, "ஆட்டோ" அல்லது "டூயல் ஸ்டாக்" என்று வைக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தால் அதையும் ஏற்றுங்கள். மாற்றுவதற்கு முன், இருந்த நிலையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிசகினால் பழையபடி வைத்துவிடலாம்.

5. மறுபடியும் முதல் சோதனையைச் செய்யுங்கள்.

செல்போனும் கம்ப்யூட்டரும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. இன்று வீடுகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் யந்திரங்களுக்குப் புது முறை தெரியும். பழைய டி.வி.யும் பழைய கேமராவும் பழைய வழியிலேயே ஓடட்டும்.

வரப்பைக் கவனியுங்கள்!

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மளிகைக் கடை டெலிபோனில் ஒரு நன்மையும் இருந்தது. கடைக்காரர் கூப்பிட்டால் ஒழிய யாரும் நேரே உங்கள் வீட்டுக்குள் பேச முடியாது. அதுவே ஒரு வேலி.

புது முறையில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் சொந்த விலாசம் உண்டு. எனவே வேலியை நாமே கட்ட வேண்டும்.

உப்பளத்தில் உவர் நீரைக் கண்டபடி பாத்திக்குள் விடுவார்களா? மாட்டார்கள். வரப்புக் கட்டுவார்கள். வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்குத் திறந்து விடுவார்கள். வரப்பு உடைந்து மழைத் தண்ணீர் புகுந்தால், விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும்!

வைபை பெட்டியிலும் ஒரு வரப்பு உண்டு. அதற்கு "பயர்வால்" என்று பெயர். உள்ளே இருப்பவர் கேட்டதை மட்டும் அது உள்ளே விடும். கேட்காமல் வருவதை வெளியிலேயே நிறுத்தும். ஐ.பி.வி.6 திறந்தவுடன் அந்த முறைக்கும் பயர்வால் போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கோடானுகோடி விலாசத்தில் உங்கள் கேமராவை எவன் தேடுவான் என்று நினைக்கிறீர்களா? தேடுவது கடினம்தான். ஆனால் கதவு தெரியாமல் இருப்பது வேறு, கதவைப் பூட்டி வைப்பது வேறு!

2016-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். "மிராய்" என்ற ஒரு தீய புரோகிராம் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் வைபை பெட்டிகளையும் பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தது? தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை வீட்டுக்காரர்கள் மாற்றவே இல்லை! அவ்வளவுதான். பிடித்த யந்திரங்களை எல்லாம் ஒரே நேரத்தில் ஏவி, அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய வலைத்தளங்களையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கேமராக்காரர்களுக்குத் தங்கள் கேமரா திருடனுக்குத் துணை போனது தெரியுமா? தெரியாது.

ஆகவே வைபை பெட்டிக்கும் கேமராவுக்கும் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வீட்டுப் பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம். தொடர்பில்லாத நாலு சொற்களைச் சேர்த்து வையுங்கள். ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

ஏமாறாதீர்கள்

மாற்றம் வரும்போது அதை வைத்து ஏமாற்றுகிறவனும் வருவான்.

"உங்கள் இன்டர்நெட் இன்று இரவோடு நின்றுவிடும். புது விலாசத்துக்குப் பணம் கட்டுங்கள். ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். இந்த மாற்றத்துக்கு ஓ.டி.பி. தேவையில்லை. பழைய முறை ஒரே நாளில் நிற்கப் போவதும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றப் புகாருக்கான எண்.

சரி, இதைச் செய்தால் இன்டர்நெட் பறக்குமா? பறக்காது. பெரிய வித்தியாசம் உடனே தெரியாது. கதவு இலக்கத்தை மாற்றியதும் வீடு பெரிதாகிவிடுமா என்ன? ஆனால் தபால் நேரே வரும். அடுத்த வீட்டுக்காரர் செய்த தப்புக்கு நம் விலாசம் பதில் சொல்ல வேண்டி வராது. புயல் இரவில் பிள்ளை கூப்பிட்டால் வழியில் ஒரு தடை குறையும்.

உப்பள வேலைக்குப் போகிறவர்கள் மழைக்காலம் வருவதற்கு முன்பே வரப்பைப் பார்த்துவிடுவார்கள். மழை வந்த பிறகு மண்வெட்டியைத் தேட மாட்டார்கள்.

நாமும் பார்த்துவிடுவோம். உங்கள் வைபை பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டிய சீட்டை இன்றே படியுங்கள்!